தேசிக்காய் மேல் ஏறிய பிக்கப்பும் ஊர்காவற்றுறைச் சில்வெஸ்ரரும்

சில்வெஸ்ரர் என்ற பெயரைச் சிவயோகம் முதன்முதலாகக் கேட்டது ஐம்பத்தாறாம் ஆண்டு, குசினிக்குள், அடுப்படியில். அவளுக்கு அப்போது பதினாலு வயது. தாய் சிவக்கொழுந்து முற்றத்திலிருந்து ஓடிவந்து மூச்சுவாங்கச் சொன்னாள்.

"பிள்ளை, ஊர்காவற்றுறையில இருந்து சில்வெஸ்ரர் வாறானாம். பயற்றம்பணியாரப் பெட்டியை எடுத்து அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டு!"

"ஆரம்மா அது, கள்ளனோ?"

"கள்ளனெண்டால் ஒளிச்சுத் தின்னுவான். இவன் கேட்டுத் தின்னுவான். அதுக்கு மருந்தில்லை."

மடத்துவெளியில் அந்நாளில் மூன்று குமாரசுவாமிமார் இருந்தார்கள். சிவயோகத்தின் தகப்பன் புகையிலைக் குமாரசுவாமி. சிவக்கொழுந்துக்குச் சொந்த மாமன் மகன். அவர் அந்த ஆண்டுதான் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின் ஒன்றை வாங்கி இறக்கியிருந்தார். மெசின் முதல் நாள் இறைத்தது, இரண்டாம் நாள் இருமியது, மூன்றாம் நாள் படுத்துவிட்டது. அதை எழுப்பத்தான் சில்வெஸ்ரர் வந்தார்.

வந்தவருக்குப் பத்தொன்பது வயது இருக்கும். பனை மட்டை போல உயரம், மெலிவு. சைக்கிளின் பின்னால் ஒரு பிஸ்கற் தகரம் கட்டியிருந்தது, அதற்குள் ஸ்பனர்கள். தகரத்தின் மூடிக்குள்ளே அந்தோனியார் படம் ஒட்டியிருந்தது. மெசினைச் சுற்றி ஒருதரம் நடந்தார். சைக்கிளில் சுருட்டிக் கட்டியிருந்த ஒரு பாயை எடுத்து விரித்தார். கழற்றிய ஒவ்வொரு துண்டையும், கழற்றிய ஒழுங்கிலேயே, இடமிருந்து வலமாகப் பாயில் வைத்துக்கொண்டு போனார். பந்தியில் கறி வைப்பதுபோல, உப்பு முதலில், பாயசம் கடைசியில். பூட்டும்போது பாயசத்திலிருந்து உப்புக்கு வந்தார். பாய் வெறுமையானபோது மெசின் ஓடியது.

"தம்பி, என்ன வேணும்?" என்று குமாரசுவாமி சந்தோசத்தில் கேட்டுவிட்டார்.

"வீட்டில பயற்றம்பணியாரம் இருக்குமோ ஐயா? படலையடியில வரேக்கையே மணந்தது."

குமாரசுவாமியே உள்ளே வந்து அலுமாரியைத் திறந்தார். அன்றைக்கு எத்தனை போயிற்று என்று சிவக்கொழுந்து சாகும்வரை மறக்கவில்லை. இருபத்தொன்று.

சில்வெஸ்ரருடைய தாய் அந்தோனியம்மா ஊர்காவற்றுறைக் கரையில் வலை முடைகிறவள். தகப்பன் கடலில் போய்த் திரும்பாதவர். பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு நின்றது. துறைமுகத்தில் வந்து நின்ற மோட்டர் வள்ளங்களின் இஞ்சின்களுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தே வேலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு நாரந்தனையிலிருந்து மேரிஜோசப்பினைக் கலியாணம் செய்தார். அவள் சமைக்கிற சோற்றைப் பார்த்துத்தான் ஊர் அவள்மேல் இரக்கப்பட்டது. "இஞ்சின் திறந்தால் எனக்குப் பசிக்கும்; மூடினால்தான் ஆறும்" என்பார். அடுத்த பதினெட்டு வருடமும் வேலணை, மண்கும்பான், புங்குடுதீவு என்று எங்கே ஒரு இஞ்சின் நின்றாலும் அவருடைய சைக்கிள் வரும். சிவயோகத்துக்கு அவர் பெயர் கேட்டாலே கை அலுமாரிப் பூட்டின் திறப்பைத் தேடும்.

சிவயோகத்தைக் குலசிங்கத்துக்குக் கட்டிக் கொடுத்தார்கள். குலசிங்கம் தோட்டக்காரன், நல்ல மனிதன், ஆனால் எதையும் உரத்துத்தான் சொல்லுவார். அவர் அறுபத்தெட்டில் ஒரு பச்சை நிறப் பிக்கப்பைக் கண்டிப் பக்கத்துத் தோட்டத்துரை ஒருவரிடமிருந்து வாங்கி வந்தார். முன்னால் இரண்டுபேர் இருக்கலாம், பின்னால் திறந்த தட்டு. புகையிலை போகும், பனாட்டுப் பெட்டி போகும், ஒருமுறை செத்தவீட்டுக்குப் பறையும் பறையடிக்கிறவர்களும் போனார்கள்.

எழுபத்துநாலாம் ஆண்டு ஐப்பசியில் சிவயோகத்தின் தங்கை லலிதாம்பிகைக்குக் கலியாணம் என்று நாள் குறித்திருந்தது. லலிதாம்பிகைக்கு வயது முப்பது. மாப்பிள்ளை நயினாதீவுக் கைலாசபதி, திருகோணமலையில் கிளாக்கர். இந்தக் கலியாணம் அதற்கு முன்பே இரண்டு தரம் தள்ளிப்போயிருந்தது. முதல் தரம் மாப்பிள்ளையின் தாய் மோசம் போனார். ஆண்டுத் திவசம் முடியும்வரை பொறுத்தார்கள். இரண்டாம் தரம் மாப்பிள்ளையின் தகப்பன் அம்பலவாணர் தன்னுடைய சொந்த லோஞ்சின் இஞ்சின் குழிக்குள் விழுந்தார். லோஞ்ச் என்பது நயினாதீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே ஆட்களை ஏற்றும் மோட்டர் வள்ளம். உயிர் தப்பியது, ஆனால் வலது கால் மடங்காமல் போயிற்று. இடுப்பிலிருந்து குதிவரை ஒரே தடிதான்.

அம்பலவாணர் பெண்சாதியின் கடைசி நேரத்தில் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: தாலியைத் தன் கையால் எடுத்துக் கொடுப்பேன் என்று. ஆகையால் அவர் வராமல் கலியாணம் இல்லை. குறிகட்டுவானில் இறங்கி மடத்துவெளிவரை வருவது எப்படி? மடங்காத கால் காருக்குள் போகாது. பஸ்ஸும் அப்படியே. கூட்டுறவுச் சங்கத்து லொறியின் தட்டு ஆள் உயரம். விழுந்த மனிதர் அதில் ஏறப் பயந்தார். மாட்டுவண்டி என்று யாரோ சொல்ல, "என்னை என்ன வைக்கோல் எண்டு நினைச்சியளோ?" என்று கேட்டுவிட்டார். கடைசியில் குலசிங்கம்தான், "மாமா, நீங்கள் இருக்கிற கதிரையோடயே பிக்கப்பில ஏத்தி, கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவாறன், ஒரு குலுக்கம் இல்லாமல்" என்று வாக்குக் கொடுத்தார். கிழவர் சம்மதித்தார்.

வாக்குக் கொடுத்த அடுத்த கிழமை பிக்கப்பின் முன்பக்கத்தில், தகரப் பேணிக்குள் சிப்பி போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம் தொடங்கியது.

சில்வெஸ்ரர் வந்தார். ஸ்குறூ திருகியின் இரும்பு நுனியை இஞ்சினில் வைத்து, மரப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார்.

"ரைமிங் செயின், குலசிங்கமண்ணை. தொங்கிப்போச்சு."

"அதென்ன சில்வெஸ்ரர், எனக்கும் விளங்கிறமாதிரிச் சொல்லும்."

"முன் மூடிக்குள்ள ரெண்டு பல்லுச் சில்லு இருக்கு. கீழ சின்னவர், மேல பெரியவர். கீழ உள்ளவர் பிஸ்ரனை ஏத்தி இறக்குவார். மேல உள்ளவர் காத்து வாற கதவையும் புகை போற கதவையும் திறந்து பூட்டுவார். சின்னவர் ரெண்டு சுத்துச் சுத்தினால் பெரியவர் ஒண்டு. ரெண்டு பேரையும் ஒண்டாய் நடத்துறது நடுவில ஓடுற சங்கிலி. அது தளர்ந்தால் ஆள் வரமுன்னம் கதவு பூட்டிப்போம். ஒரு பல்லுத் தாண்டினால் காணும், இஞ்சின் நிண்டிடும்."

அந்த நாட்களில் வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் நாட்டுக்குள் வராது. யாழ்ப்பாணத்துக் கடைகளில் சங்கிலி இல்லை. கொழும்பில் குலசிங்கத்தின் ஒன்றுவிட்ட தம்பி சிவபாதம் பஞ்சிகாவத்தையில் நாலு நாள் அலைந்து, எண்ணெய்த் தாளில் சுற்றியிருந்த ஒரு புதுச் சங்கிலியைப் பிடித்து அனுப்புவதாகத் தந்தி அடித்தான். அது வருவதற்குள் பழையதைக் கழற்றி வைப்போம் என்று சில்வெஸ்ரர் பாயை விரித்தார்.

கழற்றும்போது ஒன்று கண்டார். சில்லுகளை எப்படிப் பொருத்த வேண்டும் என்பதற்குச் செய்தவர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி குத்தி விடுவார்கள். இரண்டு புள்ளியும் ஒன்றையொன்று பார்த்தால் சரி. இந்தப் பிக்கப்பில் சின்னச் சில்லு கண்டியில் எப்போதோ மாற்றப்பட்டது; யாரோ அரத்தால் தேய்த்துப் போட்டிருந்தார்கள். புள்ளி இல்லை. ஆகவே சில்வெஸ்ரர் பழைய சங்கிலி இருக்கும்போதே இரண்டு சில்லையும் நேருக்குநேர் நிறுத்தி, வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பு எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வைத்தார். பிறகுதான் கழற்றினார். பிளக்குகளையும் கழற்றினார். கை பிரேக் பிடிக்காத வாகனம், கொட்டிலடி சரிவு. உருளாமல் இருக்கக் கியரில் போட்டுவிட்டார்.

"நாளைக்கு ஆயுத பூசை" என்றாள் சிவயோகம். "ஒரு ஆயுதமும் தொடக்கூடாது. நீர் நாளையிண்டைக்கு வாரும்."

"ஓமக்கா, எனக்கும் வீட்டில வேலை இருக்கு. தகரம் இஞ்சையே இருக்கட்டும். ஆனால் இந்தப் பாயை மட்டும் ஒருதரும் தொடக்கூடாது." அவளைவிட ஐந்து வயது மூத்தவர், ஆனாலும் மரியாதைக்கு அக்கா என்பார்.

"ஆர் தொடப்போகினம்?"

பூசைக்கு ஐந்தாம் நாள் கலியாணம்.

சிவயோகம் சொன்ன வாக்கை மீறுகிறவள் அல்ல. அவள் கணக்கில், தொடாதே என்றால் வேலைக்குத் தொடாதே என்று அர்த்தம். பூசைக்குத் தொடாமல் எப்படி? மற்ற வீடுகளில் மண்வெட்டி, கத்தி, சுளகு எல்லாம் கழுவிப் பொட்டு வைத்துப் படத்துக்கு முன் இருக்கும்போது, தங்கையின் கலியாணத்தைச் சுமக்கப்போகிற பிக்கப்பின் இரும்புகள் மட்டும் எண்ணெயும் ஊத்தையுமாகப் பாயில் கிடந்தால் அம்மாள் என்ன நினைப்பாள்? சிறங்கை மண்ணெண்ணெயும் பழந்துணியுமாக இருந்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள். இரண்டு சில்லிலும் காய்ந்துபோன சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. கலியாண வீட்டில், குங்குமம் இல்லாத வெறும் வெள்ளைப் பொட்டு! அவளுக்கு மனம் பொறுக்கவில்லை. சுரண்டித் துடைத்து, சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தாள். ஒரு பல்லுக்கு வைத்தால் மற்றப் பல்லுக்குக் குறையல்லவா, சுற்றிவர எல்லாப் பல்லுக்கும் வைத்தாள். பிறகு பெரியதெல்லாம் பின்னால், சின்னதெல்லாம் முன்னால் என்று பாயில் அழகாக அடுக்கினாள்.

பின்னேரம் தீபம் காட்டினார்கள். நாலு ரயருக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்து, குலசிங்கமும் அயலில் இரண்டு பேரும் பிக்கப்பைத் தள்ளினார்கள்.

"என்ன இது, முரண்டு பிடிக்குது?" என்றார் குலசிங்கம்.

"பூசைக்கு வெட்கப்படுது போல" என்றாள் லலிதாம்பிகை.

இன்னும் ஒரு எத்து. தேசிக்காய்கள் நாலும் பிசுக்கென்று நசுங்கின. எல்லாரும் அரோகரா என்றார்கள். கியரில் நின்ற வாகனத்தின் சில்லு சுழல, உள்ளே இஞ்சினும் சுழன்றது. ஒருவருக்கும் தெரியாது.

விசயதசமி காலையில் சில்வெஸ்ரரின் சைக்கிள் வந்தது. கொட்டிலுக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. சிவயோகம் கடலை கொண்டுபோனாள். அவர் பாயின் முன் குந்தியிருந்தார். ஒரு கையில் பெரிய சில்லு. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாப் பக்கமும் குங்குமம். பிறகு பிக்கப்பின் ரயரடியைப் பார்த்தார். நசுங்கின தேசிக்காய். தலையில் கை வைத்தார்.

"அக்கா, கடலையை அங்கால வையுங்கோ."

சில்வெஸ்ரர் சாப்பாட்டை அங்கால வை என்று சொல்லிச் சிவயோகம் ஒருநாளும் கேட்டதில்லை.

குலசிங்கம் வந்தார். "என்ன, ஏதும் பிழையோ?"

"சுண்ணாம்பு அடையாளம் இரண்டும் போயிட்டுது. இஞ்சினும் சுத்துப்பட்டுப் போச்சு. ஆர் எங்க நிண்டவர் எண்டு இனித் தெரியாது."

"ஆர் துடைச்சது?" குலசிங்கத்தின் குரல் அயல் வீடுவரை போனது.

சிவயோகம் கடலையை அங்கால வைத்தாள். சில்வெஸ்ரர் அவளைப் பார்க்காமலே, "ஆடு நக்கியிருக்கும், அண்ணை. சுண்ணாம்பெண்டால் ஆட்டுக்கு விருப்பம்" என்றார்.

"அந்த மறியாட்டை இண்டைக்கு..." என்று குலசிங்கம் தடி தேடிப் போனார். ஆடு ஒரு பாவமும் அறியாமல் வேலியோரம் நின்றது. சிவயோகத்துக்கு ஆட்டின் முகத்தைப் பார்க்க ஏலவில்லை.

சங்கிலி அன்று மத்தியானம் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. நல்ல சங்கிலி. ஆனால் எந்தப் பல்லில் போடுவது?

சில்வெஸ்ரர் யோசித்தார். யோசிக்கிறதுக்காக மட்டும் எட்டு இடியப்பம் சாப்பிட்டார். பிறகு எழும்பிச் சிவக்கொழுந்தின் தும்புத்தடிக்குப் பக்கத்தில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவினார்.

முதல் பிளக்குத் துளைக்குள் ஈர்க்கை விட்டு, கீழ்த் தண்டின் நுனியை ஸ்பனரால் மெதுவாகத் திருப்பினார். உள்ளே பிஸ்ரன் ஏற ஈர்க்கும் ஏறியது. ஏறும்போது ஈர்க்கு ஓர் உயரத்துக்கு வந்ததும் தண்டின் நுனியில் ஒரு அடையாளம் வைத்தார். உச்சிக்குப் போய் இறங்கும்போது ஈர்க்கு அதே உயரத்துக்கு வர, தண்டில் இன்னொரு அடையாளம். இரண்டுக்கும் நடு எதுவோ அதுதான் உச்சி. அங்கே நிறுத்தினார். "சின்னவர் ஆயத்தம்."

பெரியவர்தான் கரைச்சல். கதவு திறக்கிற தண்டு உள்ளே எப்படி நிற்கிறது என்று வெளியே தெரியாது. சில்வெஸ்ரர் இஞ்சினின் மேல் மூடியைக் கழற்றினார். நாலாவது பிஸ்ரனின் இரண்டு கதவுக்கும் மேலே இரண்டு சிறு இரும்புக் கைகள் ஏறி இறங்கும். ஒரு கதவு பூட்டி முடிகிற நேரமும் மற்றது திறக்கத் தொடங்குகிற நேரமும் ஒன்று. அந்தக் கணத்தில் இரண்டு கையும் ஒரே மட்டத்தில் நிற்கும். அதைப் பிடித்தால் சங்கிலியைப் போடலாம். ஆனால் சில்வெஸ்ரர் முன்னால் நின்று பெரிய சில்லைத் திருப்பவேண்டும். நாலாவது பின்னால் இருந்தது. வேறொருவர் விரலால் தொட்டுச் சொல்லவேண்டும்.

குலசிங்கம் தொட்டுப் பார்த்தார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல். எல்லாம் அவருக்கு ஒரே மட்டம்தான்.

"அக்கா பெட்டி இழைக்கிற ஆள்" என்றார் சில்வெஸ்ரர். "ஒரு ஓலை தளர்ந்தால் கண் மூடிக்கொண்டு சொல்லுவா. வாங்கோ அக்கா."

சிவயோகம் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். இரண்டு இரும்பிலும் இரண்டு விரல். முன்னால் சில்வெஸ்ரர் அங்குலம் அங்குலமாகத் திருப்பினார். ஒன்று தாழ்ந்தது, மற்றது இன்னும் எழவில்லை. பக்கத்தில் குலசிங்கம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வேலியோரம் ஆடு கத்தியது. விரல் வியர்த்து வழுக்கியது.

"சரியோ அக்கா?"

"ஓம்" என்றாள்.

சில்வெஸ்ரர் சங்கிலியைப் பூட்டினார், மூடியைப் பூட்டினார், பிளக்கைப் பூட்டினார். பொழுது சாயும் நேரம் குலசிங்கம் கைபிடி போட்டுச் சுழற்றினார். பிக்கப் ஒரு தரம் இருமியது. இரண்டாம் தரம் புகைக்குழாயால் டமாரென்று வெடித்தது. கோழிகள் கூரையில் ஏறின. அடுத்த வீட்டு அன்னபூரணம் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "கலியாணத்துக்கு வெடி இப்பவே தொடங்கியாச்சோ?" என்று கேட்டாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கலியாணத்துக்கு இன்னும் மூன்று நாள்.

சில்வெஸ்ரர் பிக்கப்பைச் சுற்றி ஒருதரம் நடந்தார். பிறகு தணிந்த குரலில், "குலசிங்கமண்ணை, நாங்கள் சரியாய்த்தான் பூட்டினது. அப்பிடியும் இப்பிடிச் செய்யுதெண்டால், பூசையண்டு தள்ளேக்க பிஸ்ரன் போய்க் கதவில இடிச்சு வளைச்சுப் போட்டுது போல. இஞ்சின்ர தலையைக் கழட்ட வேணும். கழட்டினால் அதுக்குப் போடுற தகடு நாட்டில இல்லை" என்றார்.

"எத்தினை நாள்?"

"நாளோ? மாசமெண்டு கேளுங்கோ."

குலசிங்கம் நிலத்தில் இருந்துவிட்டார். குசினி வாசலில் லலிதாம்பிகை நின்றாள். கையில் இருந்த, தாலி வைக்கும் மஞ்சள் தேங்காயைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்து, கதவை மெதுவாகச் சாத்தினாள். இரண்டு தரம் வெளியே எடுத்து இரண்டு தரம் உள்ளே வைத்த கை. அந்தக் கதவுச் சத்தம் வெடிச்சத்தத்தைவிடப் பெரிதாகச் சிவயோகத்துக்குக் கேட்டது.

விடிந்ததும் விடியாததுமாகச் சிவயோகம் கொட்டிலுக்குப் போனாள். இரவு கொட்டிலிலேயே படுத்திருந்த சில்வெஸ்ரர் தலையைக் கழற்றுவதற்கு ஸ்பனர் தெரிவுசெய்துகொண்டிருந்தார். குலசிங்கம் பக்கத்தில்.

"நில்லும் சில்வெஸ்ரர். அதைக் கழட்டவேண்டாம்." அவள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "சுண்ணாம்பைத் துடைச்சது ஆடில்லை. நான். அதை விடுங்கோ. நேற்று இரும்பில விரல் வைச்சுக்கொண்டு ஓம் எண்டனே, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. விரல் வழுக்கிப்போச்சு. இவர் முழிச்சுப் பார்த்துக்கொண்டு நிண்டார், பயத்தில சும்மா ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

குலசிங்கம் அவளைப் பார்த்தார். இன்றைக்கு ஊரைக் கூட்டப்போகிறார் என்று அவள் நினைத்தாள்.

"ஆடு இல்லையெண்டு எனக்கு அப்பவே தெரியும்" என்றார் அவர், தன் வாழ்நாளில் முதல் தடவையாகச் சத்தம் இல்லாமல். "ஆட்டுக்குக் குங்குமச் சிமிழ் திறக்கத் தெரியாது. ஆனால் தேசிக்காயில ஏத்தித் தள்ளினது நான். அதாலதான் நானும் ஆடெண்டு விட்டிட்டன்."

சில்வெஸ்ரர் ஸ்பனரைத் தகரத்துக்குள் போட்டார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"கர்த்தரே, அப்ப கதவு வளையேல்லை! பிழை அக்காவின்ர வாயிலதான். இது நல்ல பிழை, லேசான பிழை. குலசிங்கமண்ணை, நீங்கள் தோட்டத்துக்குப் போங்கோ. அந்த ஆட்டையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

திரும்பவும் மூடி கழன்றது. திரும்பவும் ஈர்க்கு. திரும்பவும் இரண்டு விரல். இந்த முறை சிவயோகம் விரலை முந்தானையில் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். பெட்டி இழைக்கும்போது இரண்டு ஓலையை இழுத்துச் சமன் பார்ப்பாளே, அந்த நினைப்பில் நின்றாள். ஒன்று தாழ்ந்தது, தாழ்ந்தது. மற்றது எழத் தொடங்கியது.

"கொஞ்சம் பொறும். இன்னும் இல்லை." பிறகு, "எப்பன் கூடிப்போச்சு. பின்னுக்கு எடும்." பிறகு, "நில்லும். இப்ப."

"நிச்சயமோ?"

"எனக்கு இப்ப ஆர் பாத்தாலும் பயமில்லை. இப்பதான்."

நேற்றுப் போட்ட இடத்திலிருந்து இரண்டு பல்லுத் தள்ளி வந்தது சங்கிலி. மூடியைப் பூட்டுவதற்கு முன் சில்வெஸ்ரர் சொன்னார்: "அக்கா, குங்குமத்தை நல்லெண்ணெயில குழைச்சுக்கொண்டு வாங்கோ." அவள் கொண்டுவந்தாள். நேருக்குநேர் நின்ற இரண்டு பல்லில், அவளே இரண்டு பொட்டு வைத்தாள். "சுண்ணாம்பு காய்ஞ்சால் உதிரும். இது ஒட்டிக்கொண்டு நிக்கும். துடைக்கவும் உங்களுக்கு மனம் வராது" என்றார்.

பிக்கப் முதல் சுழற்றிலேயே பிடித்தது. சிப்பிச் சத்தம் இல்லை. அன்னபூரணம் வேலிக்கு மேலால், "என்ன, வெடி முடிஞ்சுதோ?" என்று கேட்டபோது எல்லாரும் சிரித்தார்கள். லலிதாம்பிகை உள்ளே போய் அலுமாரியைத் திறந்து, மஞ்சள் தேங்காயை வெளியே எடுத்து வைத்தாள். பின்னாலேயே போய்ச் சிவயோகம் பயற்றம்பணியாரப் பெட்டியையும் எடுத்தாள்.

கலியாண நாள் காலை குறிகட்டுவானில் லோஞ்ச் வந்து நின்றது. அம்பலவாணரைக் கதிரையோடு நாலு பேர் தூக்கிப் பிக்கப் தட்டில் வைத்துக் கட்டினார்கள். கால் பின்கதவுக்கு வெளியே துப்பாக்கி போல நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை கைலாசபதி கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குலசிங்கம் ஓட்டினார், முன்னால் அவருக்குப் பக்கத்தில் சிவயோகம்.

பாதி வழியில் தகரக் கூரையில் டொக், டொக், டொக் என்று கைத்தடிச் சத்தம். குலசிங்கம் பிரேக்கை மிதித்தார். சிவயோகம் தலையை வெளியே நீட்டினாள். கிழவருக்கு ஏதும் ஆகிவிட்டதோ? இஞ்சினில் ஏதும்...?

"ஆர் இந்த இஞ்சினைப் பூட்டினது?" பின்னாலிருந்து அம்பலவாணரின் குரல்.

"ஏன் மாமா? ஏதும் குறையோ?"

"குறையோ! என்ர லோஞ்சில பன்ரெண்டு வருசமாய் ஆறு மெக்கானிக்மார் வந்து போயிட்டாங்கள். ஒருதனுக்கும் அதை இப்பிடி ஓட வைக்கத் தெரியேல்லை. நான் வந்த நேரம் தொடங்கி இதைத்தான் கேட்டுக்கொண்டு வாறன். ஆரது?"

"ஊர்காவற்றுறைச் சில்வெஸ்ரர் மாமா. கலியாண வீட்டில நிக்கிறார்."

"அப்ப ஏன் நிண்டுகொண்டு நிக்கிறாய்? விடன் கெதியாய்!"

தாலியை அம்பலவாணர் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். அவர் கண் கலங்கியது, எல்லாரும் பார்க்காததுபோல இருந்தார்கள். தாலி கட்டி முடிந்த கையோடு, ஆசீர்வாத அரிசி தலையில் இருக்கும்போதே அவர் கேட்ட முதல் கேள்வி, "எங்க அந்தச் சில்வெஸ்ரர்?"

சில்வெஸ்ரர் பந்தியில் இருந்தார். இரண்டாம் தரம் இருந்ததா மூன்றாம் தரமா என்று பரிமாறினவர்களுக்கே பிறகு சண்டை. வாய் நிறைய வடையோடு எழும்பி வந்தார்.

"பின்னேரம் நான் திரும்பிப் போகேக்க நீரும் என்னோட வாறீர்" என்றார் அம்பலவாணர். "லோஞ்சைப் பார்க்க ஒரு கிழமை."

"சீதனத்தில இவரை நாங்கள் எழுதேல்லையே மாமா!" என்றார் குலசிங்கம் உரத்து. பந்தல் முழுவதும் சிரித்தது. சில்வெஸ்ரர் மட்டும் யோசித்தார்.

"ஐயா, நயினாதீவில சாப்பாடு எப்பிடி?"

"கோயில்ல அன்னதானம். ஒரு நாளும் இல்லையெண்டு சொல்லமாட்டினம்."

"அப்ப வாறன்."

ஒரு கிழமை என்று போனவர் மூன்று மாதம் நின்றார். பிறகு பெண்சாதி மேரிஜோசப்பின், இரண்டு பிள்ளைகளோடும் சட்டி பானையோடும் ஊர்காவற்றுறையிலிருந்து புறப்பட்டு வந்து, "கிழமைக்கு எத்தினை நாளெண்டு உங்கடை தீவில ஒருதருக்கும் தெரியாதோ?" என்று கேட்டாள். கேட்டவளும் அங்கேயே தங்கிவிட்டாள். மரியாதைக்குரிய ஒரு வழக்கம் மட்டும் அந்த நாளிலிருந்து மாறவில்லை. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அந்தோனியார் படம் ஒட்டிய பிஸ்கற் தகரம் கடல் கடந்து மடத்துவெளிக்கு வரும்; சிவயோகம் ஒவ்வொரு ஸ்பனருக்கும் பொட்டு வைத்து, மேலே பயற்றம்பணியாரம் நிறைத்துத் திருப்பி அனுப்புவாள். இஞ்சின் சாமான் ஒன்றும் அதற்குள் வராது. அதில் சில்வெஸ்ரர் கவனம்.

அம்பலவாணர் எழுபத்தொன்பதில் மோசம் போனார். லோஞ்ச் இப்போது, ஊரோடு வந்துவிட்ட கைலாசபதியுடையது. பச்சைப் பிக்கப் இன்னும் ஓடுகிறது, அதே சங்கிலியில். சில்வெஸ்ரர் நயினாதீவில் இருக்கிறார். இறங்குதுறையிலிருந்து நாலாவது வீடு, லலிதாம்பிகை வீட்டுக்கு அடுத்த வளவு.